பிளிண்டெகூ: இருட்டில் ஒரு விருந்து

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் 1999ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிளிண்டெகூ, துளி வெளிச்சமும் இல்லாத கூடத்தில் உணவு வழங்கும் உணவகங்களுக்கு முன்னோடியாகும். பரிமாறுபவர்கள் பார்வையற்றோர் அல்லது பார்வைக் குறைபாடு உடையோர். ஒளிரும் பொருள்களை வெளியே வைத்துவிட்டு, அவர்களைப் பின்தொடர்ந்தே மேசையை அடைய வேண்டும்.

கண் ஓய்ந்தால் நாக்கு கூர்மையாகிவிடும் என்று நம்பிச் செல்பவர் ஏமாறக்கூடும். நாக்கு தானாக அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (இறைச்சிச் சாறு, காளான் போன்றவற்றில் உணரும் சுவை) ஆகிய சிலவற்றையே. நாம் சுவை என்று கொள்வதில் பெரும்பகுதி மணத்தாலும், முதல் கவளத்துக்கு முன்பே கண் எழுப்பிவிடும் எதிர்பார்ப்பாலும் உருவாகிறது. 2001இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், போர்தோ நகரில் ஒயின் இயல் பயின்ற 54 மாணவர்கள், சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே வருணித்தார்கள். பயிற்சி பெற்றவர்களே அப்படியென்றால், தட்டில் இருப்பது பூசணியா காரட்டா என்று இருளில் தடுமாறுவதைச் சமையலின் குறையாகக் கருத முடியாது; மூளை வழக்கமாக நம்பும் துப்பு அங்கே இல்லை, அவ்வளவுதான்.

உரையாடலும் கடினமாகிறது, ஏனெனில் இரைச்சலில் பிறர் பேச்சைப் பிரித்தறிய உதட்டசைவு நமக்குப் பெரிதும் உதவுகிறது. முள்கரண்டி வெறுமையாகவே வாய்க்கு வரும் தொல்லையில், விரலால் உண்டு பழகிய நமக்கு ஒரு சிறு சாதகம் உண்டு.

இருட்டில் மூச்சுமுட்டுவதாக உணர்பவர்கள் தவிர்த்துவிடலாம். மற்றவர்கள் உணவுப் பட்டியலை ஊன்றிப் படிக்காமல் உள்ளே செல்வதே நல்லது.