நான்கு மாத்திரை மிச்சம்: சிங்கப்பூர் யீஷூனில் ஒரு பல் மருந்தகம்

எனக்கு வலது முழங்கால் மாற்றி மூன்று வருஷமாகிறது. அதற்கப்புறம் பல் சுத்தம் செய்யப் போனாலே, பழைய மருந்தகத்தில் ஒரு மணி நேரம் முன்பு 500 மில்லிகிராம் அமாக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை நான்கை ஒரேயடியாக விழுங்கச் சொல்வார்கள். வாய்க் கிருமி ரத்தம் வழியாகச் செயற்கை மூட்டுக்குப் போய்விடக் கூடாதென்று. அன்று முழுக்க வயிறு கடமுடா.

போன மாதம் கடைவாய்ப் பல் பிடுங்க, எங்கள் புளோக்கின் கீழே இருக்கும் மருந்தகத்துக்குப் போனேன். மாத்திரைப் பட்டையை நீட்டியதும் டாக்டரம்மா அதைத் தொடவே இல்லை. "சர்க்கரை எவ்வளவு ஆன்ட்டி? மூட்டில் எப்போதாவது கிருமி சேர்ந்ததா? எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறீர்களா?" எல்லாம் கேட்டுவிட்டு, என் எலும்பு டாக்டருக்கும் போன் போட்டார். அப்புறம்தான் "உங்களுக்குத் தேவையில்லை" என்றார். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமே 2015இல், செயற்கை மூட்டு உள்ளவர்களுக்குப் பொதுவாக இது வேண்டாமென்று சொல்லிவிட்டதாம். தினம் பல் துலக்கும்போதும்தான் கிருமி ரத்தத்தில் கலக்கிறது. ஈறு சுத்தமாக இருப்பதே பாதுகாப்பு என்றார். சிலருக்கு மட்டும், மூட்டு டாக்டர் சொன்னால் கொடுப்பார்களாம்.

பல் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. மூத்தவர்களுக்கு அரசாங்கம் தந்த மெர்டேக்கா தலைமுறை அட்டைக்குக் கழிவும் உண்டு. ஆனால் முன்பதிவு செய்தும் முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள், அதுவும் தாழ்வான சோபாவில். முழங்கால் மாற்றியவர்கள் அதிலிருந்து எழுந்து பார்க்கட்டும்! கைப்பிடி வைத்த நாற்காலி இரண்டு போட்டால் ஐந்து நட்சத்திரம் தருவேன். இப்போதைக்கு நான்கு.