கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த 5.1: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் ஹாலில் இருக்கும் 5.1 ஹோம் தியேட்டர் செட் (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) ஒரே நாளில் வந்ததில்லை. முதலில் யாரோ பயன்படுத்திய பழைய ரிசீவரும் (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கருவி) இரண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும். அப்புறம் நடுவில் வைக்கும் சென்டர், அப்புறம் தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர், கடைசியாகத்தான் பக்கத்திலோ பின்னாலோ வரும் சரவுண்ட் ஜோடி. கையில் காசு சேரச் சேர வாங்கியது. எல்லாம் ஒரே பெட்டியில் வரும் செட்டை விட இந்த வழிதான் நல்லது என்று இன்றைக்கும் சொல்வேன். பெட்டி செட்டில் ஆம்ப் போனால் ஸ்பீக்கர்களும் பெரும்பாலும் சும்மா கிடக்கும். தனித்தனியாக வாங்கினால் எது பழுதோ அதை மட்டும் மாற்றலாம்.

பழைய ரிசீவர் 4கே வீடியோவை டிவிக்குக் கடத்தாது என்று பலர் தயங்குகிறார்கள். கடத்தவே வேண்டாம். படம் நேராக டிவிக்குப் போகட்டும். ஒலி மட்டும் ஆப்டிகல் வயரில் ரிசீவருக்கு வரட்டும். டால்பி டிஜிட்டல் 5.1 அதில் வந்துவிடும். டிவியின் ஆடியோ செட்டிங்கில் பிசிஎம் என்று இருந்தால் ஆப்டிகலில் இரண்டு சேனல்தான் வரும், டால்பி டிஜிட்டலுக்கு மாற்றிவிடுங்கள். ட்ரூஎச்டி மாதிரி சுருக்கத்தில் இழப்பில்லாத ஒலி ஆப்டிகலில் வராது. ப்ளூ-ரே நிறையப் பார்ப்பவர்கள் மட்டும் அதைப் பற்றி யோசித்தால் போதும்.

எங்கே செலவழிப்பது என்று கேட்டால், தயங்காமல் சென்டர் ஸ்பீக்கர் என்பேன். வசனம் பெரும்பாலும் அதில்தான் வருகிறது. இடது, வலது ஸ்பீக்கர்கள் எந்த வரிசையோ அதே வரிசையில் சென்டரும் இருக்கட்டும். இல்லையென்றால் ஆள் திரையில் நடக்கும்போது குரலின் தன்மை மாறும். அலமாரிக்குள் தள்ளி வைக்காமல் தட்டின் விளிம்புக்கு இழுத்து, காதை நோக்கிச் சற்றே சாய்த்து வையுங்கள். எங்கள் வீட்டில் சப்டைட்டில் இல்லாமல் படம் பார்க்க ஆரம்பித்தது இதற்கு அப்புறம்தான்.

வாட் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். சென்சிட்டிவிட்டி (அதே மின்சக்தியில் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) 3 டெசிபல் அதிகமுள்ள ஸ்பீக்கர் அதே பலனைக் கூடுதல் மின்சாரமில்லாமல் தருகிறது.

சப்வூஃபருக்கு இடம் தேடத்தான் அதிகப் பொறுமை வேண்டும். நாம் உட்காரும் இடத்தில் சப்வூஃபரை வைத்து, பேஸ் நிறைந்த ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேட்க வேண்டும். எங்கே எல்லாத் தாழ்ந்த ஸ்வரமும் ஒரே சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை நகர்த்த வேண்டும். மூலையில் சத்தம் கூடும், ஆனால் சில ஸ்வரங்கள் மட்டும் உறுமும். ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரையும் 'ஸ்மால்' என்று குறித்து, கிராஸ்ஓவரை (எந்த அளவுக்குக் கீழான ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது எளிதில் கண்டுபிடிக்காது. சப்வூஃபர் பக்கவாட்டில் இருந்தாலும் தெரிவதில்லை.

சரவுண்ட் ஸ்பீக்கர்களுக்கு கேட்பவரின் நேர் முன்னிருந்து 110 முதல் 120 டிகிரி, அதாவது பக்கவாட்டுக்குச் சற்றுப் பின்னால், என்பது பாடம். எங்கள் சோபா பின்சுவரை ஒட்டியே இருப்பதால் நேர் பக்கவாட்டில், காதுக்குச் சற்று மேலே மாட்டினேன். நன்றாகவே இருக்கிறது. ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்து ரிசீவரில் போடுங்கள். ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட 3 மில்லிசெகண்ட் தாமதம், அதை ரிசீவர் சரிசெய்துகொள்ளும். வயர் 16 கேஜ் சுத்தச் செம்பு போதும். அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு பூசியது மின்தடை கூடியது, வேண்டாம்.

பழைய ஸ்பீக்கர் வாங்கினால் கிரில்லை (முன்மூடியை) கழற்றி, கோனின் (அதிரும் கூம்பின்) விளிம்பைப் பாருங்கள். ஃபோம் என்றால் வருடங்கள் போகப் போக உதிரும், ரப்பர் நிற்கும். ரிசீவருக்கு மேலே எதையும் அடுக்காதீர்கள், சூடு மேலே போக வழி வேண்டும்.

இரவில் டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரெஷனைப் போட்டுவிடுவோம். வெடிச்சத்தம் அடங்கி, பேச்சு தெளிவாக வரும். கூரை ஸ்பீக்கர் இதுவரை சேர்க்கவில்லை. அந்தப் பணம் கனமான திரைச்சீலைக்கும் பெரிய தரைவிரிப்புக்கும் போனது. எதிரொலி குறைந்ததில் இருக்கிற ஐந்து ஸ்பீக்கரும் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கின்றன.