எம்.சி.ஆர் செருப்பு: மூட்டுவாதக் காலுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

திருநெல்வேலி டவுன் ரத வீதியிலோ பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கமோ கால்வலிக்குச் செருப்பு கேட்டால், பெரும்பாலும் எம்.சி.ஆர் செருப்பைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். தொழுநோயாலும் சர்க்கரையாலும் உணர்விழந்த பாதங்களைக் காக்கப் பயன்பட்டு வரும் மைக்ரோ செல்லுலார் ரப்பர் (எம்.சி.ஆர்) என்ற மெத்தென்ற ரப்பர் அது. ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் அளவில் சுமார் 15 டிகிரிதான். முடக்குவாதத்தில் விரல்கள் மடங்கி, விரலடி எலும்பு துருத்தி, செருப்புக்குள் கல் கிடப்பது போலக் குத்தும் காலுக்கு இது நல்ல ஆறுதல். பாரம் ஒரே இடத்தில் இறங்காமல் பரவிவிடுகிறது.

பெருவிரல் மூட்டு தேய்ந்து விறைத்தவர்களுக்கு இது மட்டும் போதாது. எட்டு எடுத்து வைக்கும்போது அந்த மூட்டு மடங்குவதால்தான் வலிக்கிறது. மெத்தென்ற அடி அதை இன்னும் மடங்கவிடும். அவர்கள் கேட்க வேண்டியது, வளையாத கெட்டி அடியும் படகின் முனை போல மேலெழும்பிய முன்பக்கமும் உள்ள ஷூ. அதில் பாதம் உருண்டு போகும், மூட்டு சும்மா இருக்கும்.

கடைக்குச் சாயங்காலம் போங்கள். அப்போதுதான் கால் வீங்கியிருக்கும். எழுந்து நின்று, இரண்டு பாதத்தையும் தாளில் வரைந்து வெட்டிக்கொண்டு போய்ச் செருப்பின் மேல் வைத்துப் பாருங்கள். தாள் எந்தப் பக்கமும் வெளியே நீட்டக் கூடாது. நீளமான விரலுக்கு முன்னால் 1 முதல் 1.5 செ.மீ. இடம் வேண்டும். நம் கடைகளில் நீளத்துக்குத்தான் நம்பர், அகலத்துக்கு இல்லை. அகலம் போதவில்லை என்று ஒரு நம்பர் கூட்டி வாங்கினால் குதிகால் வழுக்கி, விரல்கள் செருப்பைப் பிடித்துக்கொண்டே நடக்கும். வலி அதிகமாகும். அடியை இரண்டு கையாலும் முறுக்குங்கள். ஈரத்துணி மாதிரி முறுகினால் வேண்டாம். குதி உயரம் 2.5 செ.மீ.க்குள் இருக்கட்டும்.

வாரைக் கவனிக்காமல் வாங்குகிறவர்கள்தான் அதிகம். ஹவாய் மாதிரி விரலிடுக்கில் வார் உள்ளதும், பெருவிரல் வளையம் உள்ளதும் ஆகாது. முன்னே இரண்டு வெல்க்ரோ பட்டை, பின்னே குதிகால் வார் இருப்பதே நல்லது. கைவிரலிலும் வாதம் இருந்தால் பக்கிளைப் போட முடியாது. வெல்க்ரோவில் நூலும் மண்ணும் அடைந்தால் பிடிக்காது. பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்துவிடலாம். திருவிழாக் கடைகளில் விற்கும் முள்முள்ளான அக்குபிரஷர் செருப்பை முடக்குவாதக் காலுக்குப் போடவே கூடாது. பாரத்தைப் பரப்ப வேண்டிய இடத்தில் அது குவிக்கிறது.

எம்.சி.ஆரின் பெரிய குறை, அது சீக்கிரம் அமுங்கிவிடும். குதியிலும் முன்பாதத்திலும் கட்டைவிரலால் அழுத்துங்கள். பள்ளம் எழும்பி வராவிட்டால் மெத்தை செத்துவிட்டது. செருப்புத் தைப்பவரிடம் புது எம்.சி.ஆர் தகடு ஒட்டித் தரச் சொல்லலாம். ஆணி மட்டும் அடிக்க விடாதீர்கள். ரப்பர் தேயத் தேய அது மேலே வந்து காலைக் குத்தும். சர்க்கரையும் இருந்தால் குத்தியதே தெரியாது.

வீட்டுக்குள் செருப்பு போடும் வழக்கம் நம் ஊரில் இல்லைதான். ஆனால் விறைப்பு மோசமாக இருப்பது காலையில், கட்டிலை விட்டு இறங்கி மொசைக் தரையில் வைக்கும் முதல் சில எட்டுகளில். தெருமண் படாத இரண்டாவது ஜோடி ஒன்றைக் கட்டிலடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.