ஸ்லைடு மட்டும் போதாது, பிளாக்கும் வேண்டும்: கீழ்ப்பாக்கத்து ஆய்வகம் ஒன்றின் மறுபரிசோதனைச் சேவை

பெண்ணுறுப்பிலோ யோனிக்குள்ளோ மெலனோமா (நிறமிச் செல்லில் தோன்றும் புற்றுநோய்) என்று ரிப்போர்ட் வந்தால், ஆபரேஷனுக்குத் தேதி வாங்கும் முன் பயாப்ஸியை இன்னொரு நிபுணர் பார்த்தாக வேண்டும். இந்த ஆய்வகம் அந்த வேலையை நன்றாகவே செய்கிறது, சில குறைகளோடு.

கவுன்ட்டரில் முதலில் கேட்பது மெழுகு பிளாக், அதாவது பயாப்ஸித் திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி. அதுதான் சரி. சாயமேற்றிய ஸ்லைடு ஒன்றை மட்டும் நீட்டினால் புதிதாகச் சீவ ஒன்றும் இருக்காது. பயாப்ஸி எடுத்த இடத்தில் எல்லா பிளாக்குகளையும் எண்ணிக்கை எழுதி வாங்குங்கள். மே மாத வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும்.

சில மெலனோமாவில் கருமையே இருக்காது. வெளிர்சிவப்பாக வளர்ந்து பாலிப் (சாதாரணச் சதை வளர்ச்சி) என்றும், நுண்ணோக்கியில் சார்கோமா (இணைப்புத் திசுப் புற்றுநோய்) என்றும் ஏமாற்றும். இங்கே மெலனோமாவை அடையாளம் காட்டும் சாயச் சோதனைகளான சாக்ஸ்-10, எஸ்-100, எச்.எம்.பி.-45, மெலன்-ஏ ஆகியவற்றோடு, வேறு புற்றுநோயைப் பிரித்தறிய சைட்டோகெரட்டினும் போடுகிறார்கள். எஸ்-100 ஒன்றை நம்பி முடிவெழுதுவது ஆபத்து. நரம்புக் கட்டியும் அதில் நிறமேறும். மெலனின் என்ற கருநிறமி அப்பிக் கிடந்தால் வழக்கமான பழுப்புச் சாயம் அதோடு கலந்து குழப்பும். அப்போது கேட்காமலே சிவப்புச் சாயத்துக்கு மாறுகிறார்கள். இதற்கே தனி மதிப்பெண் கொடுக்கலாம்.

ரிப்போர்ட்டில் பிரெஸ்லோ தடிமன் (கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது) மி.மீ. கணக்கில், புண் உண்டா இல்லையா, ஒரு சதுர மி.மீ.க்கு எத்தனை செல் பிரிவு, விளிம்புக்கு எவ்வளவு தூரம், எல்லாம் இருக்கிறது. பெண்ணுறுப்பின் வெளிப்புறத்தில் தடிமன் 1 மி.மீ.க்குள் என்றால் சுற்றிலும் 1 செ.மீ., 2 மி.மீ.க்கு மேல் என்றால் 2 செ.மீ. விட்டு வெட்டுவது பொதுவான வழக்கம். சிறுநீர்த் துவாரத்தருகே அதற்கு இடமிருக்காது. யோனிக்குள் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ரிப்போர்ட்டில் அதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

பெரிய குறை மரபணுப் பரிசோதனையில். படிவத்தில் பி.ராஃப் என்ற மரபணு மட்டுமே அச்சாகியிருக்கிறது. தோல் மெலனோமாவுக்கு அது சரி. யோனி போன்ற சளிச்சவ்வில் வருவதில் பி.ராஃப் மாற்றம் குறைவு, கிட் என்ற இன்னொரு மரபணுவின் மாற்றம் கூடுதலாகத் தென்படும். கிட் மாற்றம் இருந்தால் நோய் பரவிய நிலையில் இமாட்டினிப் என்ற மருந்து பயன்படலாம். கிட், என்.ராஸ், பி.ராஃப் ஆகிய மூன்று மரபணுக்களையும் ஒரே தடவையில் கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொரு முறையும் பிளாக்கின் முகத்தைச் சமப்படுத்துவதிலேயே திசு தீரும்.

வேலை முடிந்ததும் பிளாக்கைத் தானாகத் திருப்பித் தருவதில்லை, எழுதிக் கேட்க வேண்டும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையோ ராயப்பேட்டை அரசு மருத்துவமனையோ, அடுத்துப் போகும் இடத்திலும் அதைக் கேட்பார்கள்.