ஜெட் ஸ்கீயைத் திருத்தக் கொடுக்கும் முன் இதை ஒருமுறை வாசியுங்கள்

தண்ணீரில் மோட்டார் சைக்கிள் மாதிரி ஏறி ஓட்டுகிற ஒரு பழைய ஜெட் ஸ்கீயைத் திருத்தக் கொடுத்து 850 டொலரை இழந்தேன். காசு போனதை எப்படியோ தாங்கிக்கொள்ளலாம். அன்றைக்கு என் அக்காவின் மகன் அதில் ஏறியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தால்தான் இன்னும் நெஞ்சு படபடக்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் ஆட்கள் பலர் இப்போது பழைய ஜெட் ஸ்கீ வாங்கிக்கொண்டு சிம்கோ ஏரிக்குப் போகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் மே மாதம் சீ-டூ கொம்பனியின் ஜிடிஐ என்கிற ஜெட் ஸ்கீ ஒன்றை ட்ரெய்லரோடு சேர்த்து 2,800 டொலருக்கு வாங்கினேன். விற்றவர் 1999 மொடல் என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பின்பக்கத்தில் ஹல்லில், அதாவது வண்டியின் உடலில், இருக்கும் ஹல் நம்பரைப் பார்த்தேன். அதில் எழுத்தும் எண்ணுமாக 12 இருக்கும், கடைசி இரண்டும் மொடல் வருடம். என்னுடையதில் 97 என்று இருந்தது. அது என் கவனக்குறைவு. வாங்க முன்னமே பார்த்திருக்க வேண்டும்.

முதல் நாள் ஏரியில் இறக்கியபோதே இரண்டு பிரச்சினை தெரிந்தது. சீட்டைத் தூக்கினால் பெற்றோல் மணம். அப்புறம், கால் மணி நேரம் ஓடினால் சூடு கூடிப்போச்சு என்று பீப் சத்தம். நல்ல வேளையாக அன்று கரையை விட்டுத் தூரம் போகவில்லை.

தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு மெக்கானிக் கிடைத்தார். எங்கள் ஆள்தான். தமிழில் விளங்கப்படுத்தலாம், ஏமாற்ற மாட்டார் என்று நம்பினேன். பெயரையும் இடத்தையும் இங்கே எழுதவில்லை. அவர் செய்த வேலை என்ன என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதும். பெற்றோல் குழாய்கள் முழுவதையும் மாற்றி, பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற காபரேற்றரைக் கழுவி, எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடும் வழியையும் சுத்தம் செய்து தருகிறேன், 850 டொலர், இரண்டு கிழமை என்றார். எழுத்தில் எதுவும் இல்லை. காசை வங்கி வழியாக இ-ட்ரான்ஸ்ஃபரில் முழுவதும் முன்பணமாகவே அனுப்பினேன்.

இரண்டு கிழமை ஐந்து கிழமையானது. கனடாவின் கோடை எவ்வளவு குறுகியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூலை நடுவில்தான் வந்து எடுக்கச் சொன்னார். போனபோது ட்ரெய்லரில் வைத்தபடியே ஸ்டார்ட் பண்ணி, மூன்று நான்கு நிமிடம் உறுமவிட்டு, "கேளுங்கோ அண்ணை, சத்தமே புதுசு மாதிரி" என்றார். நானும் சந்தோஷப்பட்டேன். சீட்டைத் தூக்கி எஞ்சினைப் பார்த்தேன். பளபளவென்று இரண்டு கறுப்புக் குழாய்கள் தெரிந்தன. ஏதோ கிளீனர் வாசமும் வந்தது. "சரி தம்பி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த மூன்று நிமிடம் என்ன செய்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் உள்ள இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் எஞ்சினைக் குளிர்விக்கத் தனி வாட்டர் பம்ப் கிடையாது. வண்டியைத் தள்ளுகிற அதே ஜெட் பம்பின் அழுத்தத்தில்தான் ஏரித் தண்ணீர் எஞ்சினையும் புகைக்குழாயையும் சுற்றி ஓடி வெளியே போகும். வண்டி தரையில் இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகாது. தோட்டத்துக் குழாயைப் பொருத்தாமல் நிமிடக்கணக்கில் ஓட்டினால் புகைக்குழாயை இணைக்கிற றப்பர் உருகும். ஒரு மெக்கானிக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய முதல் பாடம் இது.

அடுத்த சனிக்கிழமை அக்காவின் மகனையும் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போனோம். அவனுக்குப் பதினேழு வயது, ஓட்டுவதற்கான கார்டும் எடுத்துவிட்டான். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு "மாமா, முதல்ல நான்" என்று நின்றான். ஏனோ மனம் கேட்கவில்லை. ஒரு சுற்று நான் போய்விட்டு வருகிறேன் என்றேன்.

இருபது நிமிடம் இருக்கும். வேகம் திடீரென்று விழுந்தது, பீப் அடிக்கத் தொடங்கியது. உடனே நிறுத்திவிட்டுச் சீட்டைத் தூக்கினேன். கருகிய றப்பர் மணமும் பெற்றோல் மணமும் முகத்தில் அடித்தன. அடியில் தண்ணீர் நின்றது, அதன்மேல் பெற்றோல் வானவில் நிறத்தில் படர்ந்திருந்தது. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. மேலே போகாது, ஹல்லின் அடியிலேயே தேங்கி நிற்கும். மூடிய சீட்டுக்குக் கீழே அது நிறைந்திருக்கும்போது ஸ்டார்ட்டரில் ஒரு பொறி போதும். ஒரு இளம் பையன் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வான்? திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பட்டனைத்தானே அமத்துவான்.

நான் அமத்தவில்லை. சீட்டைக் கழற்றியபடி விட்டுவிட்டுக் கை காட்டினேன். ஒரு போட்டில் வந்த வெள்ளைக்காரத் தம்பதி கயிறு போட்டு இழுத்தார்கள், அதுவும் மிக மெதுவாக. வேகமாக இழுத்தால் ஜெட் பம்ப் வழியாகத் தண்ணீர் ஏறி, புகைக்குழாய் நிறைந்து, எஞ்சினுக்குள்ளேயே போய்விடுமாம். அந்த மனிதர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அவர்களுக்கு எத்தனை தரம் நன்றி சொன்னாலும் போதாது.

பிறகு வடக்கே, போட் திருத்தும் ஒரு சிறிய கடைக்குக் கொண்டுபோனேன். வயதானவர், ஒவ்வொன்றையும் என் முன்னால் கழற்றிக் காட்டினார். சீட்டைத் தூக்கியதும் கண்ணில் படுகிற இரண்டு குழாய்கள் மட்டும்தான் புதியவை. முன்பக்கம் பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில், கை போகக் கஷ்டமான இடங்களில் எல்லாம் 1997இன் சாம்பல் நிறக் குழாய்கள் அப்படியே இருந்தன. 1990களின் சீ-டூ வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சாம்பல் நிறக் குழாய் பழக்கமான விஷயம். வயதாக ஆக உள்பக்கம் கரைந்து பச்சைக் களியாக மாறும். அந்தக் களி காபரேற்றருக்குள் இருக்கும் சின்ன வலையை அடைக்கும். பெற்றோல் குறையும், அதனால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறிப் பிஸ்டனே உராய்ந்து போகும். காபரேற்றரின் மூடியைத் திறந்தார். வலை முழுக்கப் பச்சை. கழுவினேன் என்று சொன்ன காபரேற்றர் அது.

கசிவுக்குக் காரணம் அந்த இரண்டு புதுக் குழாய்களில் ஒன்றேதான். இந்த வண்டிக்கு உள்விட்டம் கால் அங்குலம் வேண்டும். போட்டிருந்தது காருக்குப் போடுகிற 5/16 அங்குலக் குழாய். பெரிதாக இருந்ததால் திருகு கிளாம்பை இறுக்கி இறுக்கி றப்பரே வெட்டுப்பட்டிருந்தது. எண்ணிப் பாருங்கள், நான் கொடுத்தபோது இருந்ததைவிடக் கூடுதலாகக் கசிகிற நிலையில்தான் திருப்பித் தந்திருக்கிறார்.

தண்ணீர் ஓடும் வழியில் மணல் இறுகிக் கிடந்தது, யாரும் தொட்ட அடையாளம் இல்லை. புகைக்குழாய் றப்பர் ஒரு பக்கம் உருகி ஓட்டையாகியிருந்தது. ஹல்லுக்குள் வந்த தண்ணீர் அந்த ஓட்டையால் வந்ததுதான். கடைசியாகக் கொம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்குகிற அழுத்தம், எவ்வளவு என்று பார்த்தார். இரண்டு சிலிண்டரிலும் 150 பிஎஸ்ஐ அளவில் வர வேண்டும். ஒன்றில் 145, மற்றதில் 110, அதாவது அந்தப் பக்கம் எஞ்சினே பழுது. அதைக் கேட்டதும் எனக்குக் கதையே வரவில்லை.

மெக்கானிக்குக்கு எடுத்துக் கதைத்தேன். "அண்ணை, முப்பது வருசப் பழசுதானே, நான் என்ன செய்ய?" என்றார். படங்களை அனுப்பினேன். அதற்குப் பிறகு என் நம்பரை புளொக் பண்ணிவிட்டார். வங்கியைக் கேட்டால், இ-ட்ரான்ஸ்ஃபரை வாங்கியவர் ஏற்றுக்கொண்டுவிட்டால் திருப்ப வழியில்லை என்றார்கள். றசீதும் இல்லை. றப்பர் கரைவது யாருடைய குற்றமும் இல்லை. மாற்றாததை மாற்றினேன் என்று சொல்லி, பெற்றோல் கசிகிற வண்டியை ஒரு குடும்பத்தின் கையில் கொடுத்தது அவருடைய குற்றம்.

நீங்கள் கொடுக்கும்போது, கழற்றிய பழைய குழாய்கள் எல்லாம் எனக்கு வேண்டும் என்று முதலே சொல்லிவிடுங்கள். உண்மையில் மாற்றுகிறவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒவ்வொரு வேலையும் எழுத்தில் இருக்கட்டும், காசில் பாதியாவது வேலை முடிந்த பிறகு போகட்டும். எடுக்கப் போகும்போது முன்மூடியையும் திறந்து, டோர்ச் அடித்துத் தாங்கியடி வரை பாருங்கள். சாம்பல் நிறம் ஒரு துண்டு தெரிந்தாலும் எடுக்காதீர்கள். தரையில் ஓட்டிக் காட்டுவதென்றால் தண்ணீர்க் குழாய் பொருத்தித்தான் காட்ட வேண்டும். அதிலும் முதலில் எஞ்சின், பிறகு தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீரை மூடி, பிறகு எஞ்சின். மாறிச் செய்தால் தண்ணீர் புகைக்குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் போய்விடும். ஏரியில் ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் பண்ண முன் சீட்டைத் தூக்கி ஐந்து நிமிடம் காற்றுப் படவிடுங்கள், குனிந்து மணந்து பாருங்கள். பிள்ளைகள் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இதை விடவேண்டாம்.

என்னுடையது இப்போது எஞ்சினைப் பிரித்தபடி கராஜில் நிற்கிறது. பிஸ்டனுக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த உருகிய றப்பரும் பச்சைக் களி அடைத்த குழாய்த் துண்டும் ஒரு பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. ஸ்காபரோப் பக்கம் யாராவது பழைய ஜெட் ஸ்கீ பார்க்கப் போவதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். வார இறுதியில் டோர்ச்சோடு நானும் கூட வருகிறேன்.