மலைத்தோட்டப் பயணங்களுக்கான கத்திகள்: எட்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

2017 டிசம்பர் கடைசியில், தாண்டிக்குடிக்கு அருகே உறவினர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில் நாங்கள் நால்வர் முதன்முதலாகக் கூடாரம் அடித்துத் தங்கினோம். அப்போது எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கத்தி. ஏழு அங்குல அலகு, முதுகில் ரம்பப் பல், உள்ளே குழாய்போல் வெறுமையான பிடி, அந்தப் பிடிக்குள் தூண்டில் முள்ளும் தீக்குச்சியும் என, காட்டில் உயிர் காக்கும் கத்தி என்ற பெயரில் விற்கப்படும் வகை அது. முதல் நாள் மாலையிலேயே அதன் தன்மை தெரிந்துவிட்டது. ஐந்து மில்லிமீட்டர் கனமுள்ள அலகு வெங்காயத்தை நறுக்காமல் நசுக்கியது. கேரட்டைப் பிளந்து தெறிக்க வைத்தது. விறகு பிளக்க ஓங்கியபோது, பிடிக்குள் முழுமையாக இறங்காமல் ஒரு மரையில் மட்டும் நின்ற காம்பு ஆடத் தொடங்கி, மறுநாள் காலையில் அலகு தனியாகக் கழன்று விழுந்தது. யார் மீதும் படாமல் போனது எங்கள் நல்ல காலம்.

அதற்குப் பிறகு ஆண்டுக்கு நான்கைந்து முறை தாண்டிக்குடி, கொல்லிமலை, சிறுமலைப் பக்கத்துத் தனியார் தோட்டங்களில் இரண்டிரண்டு இரவுகள் தங்கி, நாங்களே சமைத்துச் சாப்பிட்டு வந்திருக்கிறோம். பல கத்திகளை வாங்கினேன், சிலவற்றைப் பிறருக்குக் கொடுத்தேன், இரண்டைத் தொலைத்தேன். இப்போது என் கான்வாஸ் சுருளில் இருப்பவை ஐந்தே பொருள்கள்: ஒரு வெட்டுக்கத்தி, ஒரு மடக்கு ரம்பம், உறையுடன் கூடிய ஒரு நிலைக்கத்தி (மடங்காத கத்தி), சமையலறைச் சிறுகத்தி ஒன்று, ஒரு சுவிஸ் பல்பயன் கத்தி. ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, அது எவ்வளவு உறுதியானது என்பதன்று. கூர் மழுங்கினால் தோட்டத்திலேயே உட்கார்ந்து நானே அதைத் தீட்ட முடியுமா என்பதுதான். இந்தக் கேள்விக்கு ஒரு கருவியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் விடை 'முடியும்'.

வெட்டுக்கத்தியிலிருந்து தொடங்குகிறேன். மதுரையிலிருந்து மானாமதுரை செல்லும் வழியில் உள்ள திருப்பாச்சேத்தி, அரிவாளுக்குப் பெயர்பெற்ற ஊர். 2018 கோடையில் அங்கே ஒரு பட்டறையில் உட்கார்ந்து சொல்லிச் செய்வித்தேன். கொல்லர் முதலில் கேட்டது இதுதான்: "விறகுக்கா தம்பி, தேங்காய்க்கா? ரெண்டுக்கும் ஒரே வாய் வெச்சா ரெண்டும் கெட்டுப்போகும்." விறகுக்கு என்றேன். லாரியின் பழைய பட்டை ஸ்பிரிங்கிலிருந்து எட்டு அங்குல அலகை அடித்து, வாய்ப்பகுதியை மட்டும் சூடேற்றி, சட்டெனக் குளிரவைத்துக் கடினமாக்கும் தோய்ச்சல் வைத்துக் கொடுத்தார். முதுகுப் பக்கம் மிருதுவாகவும் வாய்ப்பக்கம் கடினமாகவும் இருப்பதால், முடிச்சு விழுந்த சில்வர் ஓக் கட்டையில் ஓங்கி அடித்தாலும் அலகு ஒடிவதில்லை. ஸ்பிரிங் எஃகில் கரி (கார்பன்) ஏறத்தாழ அரை சதவீதத்துக்குச் சற்று மேல்தான் இருக்கும். சிலிக்கானோ குரோமியமோ மாங்கனீசோ கலந்திருப்பதால் அதிர்ச்சியைத் தாங்கும் குணம் அதற்கு உண்டு. சவரக்கத்திக் கூர் அதில் நிற்காது, விறகுக்கு அது தேவையும் இல்லை.

மூன்றாம் ஆண்டில் மண்ணுக்குள் மறைந்திருந்த கல்லில் பட்டு வாயில் கடுகளவு ஒரு பொக்கை விழுந்தது. வீட்டில் இருந்த சாதாரண அரத்தால் அரை மணி நேரத்தில் அதைத் தேய்த்துச் சமன்செய்துவிட்டேன். அரம் கடிக்கும் அளவுக்கு மென்மையும், மரத்தை வெட்டும் அளவுக்குக் கடினமும் ஒரே வாயில் அமைந்திருப்பதே கொல்லரின் கைப்பதம் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். இதில் எனக்குத் தொடர்ந்து வேலை வைப்பது மரப்பிடி ஒன்றுதான். கோடையில் மரம் காய்ந்து சுருங்கும்போது பூண் தளர்ந்து அலகு ஆடும். தண்ணீரில் ஊறவைத்தால் அன்றைக்கு இறுகும், மறுவாரம் மீண்டும் ஆடும். காம்பைச் சூடுபடுத்தி, துளையில் அரக்கைப் பொடித்துப் போட்டு இறக்கியதுதான் நிலைத்தது. அந்தப் பிடி நான்கு ஆண்டுகள் அசையாமல் இருந்தது.

மடக்கு ரம்பத்தை நான் தாமதமாகத்தான் வாங்கினேன். அது ஜப்பானில் செய்யப்பட்டது, அலகு 17 சென்டிமீட்டர். தள்ளும்போது வெட்டாமல், இழுக்கும்போது மட்டும் வெட்டும் வகை. இழுக்கும்போது அலகு விறைப்பாக நீண்டு நிற்பதால் அதை மிக மெல்லியதாகச் செய்ய முடிகிறது. மெல்லிய அலகு நீக்குவது குறைந்த மரத்தூளை, அதற்கேற்பக் கையும் குறைவாகவே சோர்கிறது. மணிக்கட்டுப் பருமன் உள்ள காய்ந்த காப்பிக் கிளையை ஒரு நிமிடத்துக்குள் அறுத்துவிடலாம். வெட்டுக்கத்தியால் அதே கிளையைத் துண்டாக்கினால் சிராய் நாலாபக்கமும் தெறிக்கும், இருட்டில் அது ஆபத்தும்கூட. ரம்பத்தால் முழத்துண்டுகளாக அறுத்து, வெட்டுக்கத்தியால் நீளவாக்கில் பிளப்பது என்று வேலையைப் பிரித்துக்கொண்ட பிறகு, கைக்கோடரி வாங்கும் எண்ணத்தையே விட்டுவிட்டேன். ஒரு முறை என் மைத்துனர் நம் ஊர்த் தச்சு ரம்பத்தைப்போல் இதை அழுத்தித் தள்ளியதில் அலகு நடுவே மடிந்துவிட்டது. மாற்று அலகு கிடைத்ததால் பிழைத்தது. மேலே நான் சொன்ன விதிவிலக்கும் இந்த ரம்பம்தான். பல்நுனிகள் தனியே கடினமாக்கப்பட்டவை என்பதால் அரம் அவற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். பல் மழுங்கினால் அலகைத்தான் மாற்ற வேண்டும். ஐந்து ஆண்டுகளில் ஓரலகு தேய்ந்து தீர்ந்திருக்கிறது.

நிலைக்கத்தியாக நான் வைத்திருப்பது சுவீடனின் மோரா நகரில் செய்யப்படும் மோராக்னீவ் கம்பேனியன், துருப்பிடிக்காத எஃகு வகை. அலகு 104 மில்லிமீட்டர் நீளம், 2.5 மில்லிமீட்டர் கனம். கயிறு அறுக்க, கூடார முளை சீவ, மீன் கழுவ, தீ மூட்டுவதற்குச் சீவல் எடுக்க இதைத்தான் எடுக்கிறேன். ஸ்காண்டிநேவியச் சாணை என்று சொல்லப்படும் இதன் வாய், அகலமான ஒரே சரிவாக வெட்டும் விளிம்புவரை இறங்குவது. அந்தச் சரிவைக் கல்லின் மேல் தட்டையாக வைத்தாலே கோணம் தானாக அமைந்துவிடும் என்பதால், தீட்டப் பழகுபவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. அதே சரிவு ஆப்புப்போல் வேலை செய்வதால், சேனைக்கிழங்கையும் கேரட்டையும் சீராக வில்லையிட விடாமல் பிளந்துவிடும். அது இவ்வகைச் சாணையின் இயல்பு. மரம் சீவுவதற்கு எது துணையோ அதுவே காய் நறுக்கத் தடையாகிறது.

ஆகவே சமையலுக்குத் தனிக்கத்தி வேண்டும். யோசித்துப் பார்த்தால் எங்கள் பயணங்களில் வெட்டும் வேலையில் பத்தில் எட்டுப் பங்கு காய்கறிதான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. வீட்டுச் சமையலறையில் இருக்கும் மெல்லிய அலகுள்ள, பிளாஸ்டிக் பிடி போட்ட சிறுகத்தியே போதும். அதற்கு அட்டையில் ஓர் உறை செய்து ஒட்டுநாடா சுற்றிக்கொள்ளலாம். முன்பு இந்த இடத்தில் கரிஎஃகு அலகும் மரப்பிடியும் உள்ள மடக்குக்கத்தி ஒன்றை வைத்திருந்தேன். வெட்டுவதில் அதற்கு இணையே இல்லை. ஆனால் ஐப்பசி மழையில் மரம் ஊதி, அலகைத் திறக்கவே முடியாமல் போனது இரண்டு முறை. மாங்காய் நறுக்கினால் துண்டுகளில் கருமை ஏறும், இரவில் கழுவி ஈரத்தோடு வைத்தால் காலையில் செந்துரு பூத்திருக்கும். தேங்காயெண்ணெய் தடவி வைத்தால் சமாளிக்கலாம்தான். நான்கு பேர் மாறிமாறிச் சமைக்கும் இடத்தில் அந்த ஒழுங்கு எங்களால் ஆகவில்லை. எந்தக் கத்தியானாலும் வாழைக்காய்க்கும் பலாவுக்கும் முன்னால் அலகில் எண்ணெய் தடவுவதை மட்டும் விடக்கூடாது. கொல்லிமலையில் பலாப் பருவத்தில் இதை மறந்த ஒருநாள், பிசின் ஒட்டிய கத்தியைச் சுத்தம் செய்வதிலேயே எங்கள் மதியம் கழிந்தது.

மடக்குக்கத்தி குறித்து இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2019இல், பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு நிறுவனத்தின் மலிவான மடக்குக்கத்தியால் மூங்கிலில் துளையிட முயன்றபோது, பூட்டுத் தகடு நழுவி அலகு என் ஆள்காட்டி விரல்மேல் மடங்கியது. வத்தலக்குண்டு வரை இறங்கி மூன்று தையல் போட்டுக்கொண்டோம். பூட்டுத் தகடு மெல்லியது, அதன் இடுக்கில் மணலும் சேர்ந்திருந்தது. முனையால் குத்தும் வேலையை மடக்குக்கத்திக்குக் கொடுத்தது என் தவறு. அன்றிலிருந்து அழுத்தம் தேவைப்படும் எந்த வேலைக்கும் நிலைக்கத்தி மட்டுமே. சுவிஸ் விக்டோரினாக்ஸ் பல்பயன் கத்தி சட்டைப்பையில் இருக்கிறது. அதில் நாங்கள் மிகுதியாகப் பயன்படுத்துவது கத்திரிக்கோலும் தகர டப்பா திறப்பானும்தான்.

தீட்டுவதைப் பற்றிப் பலரும் மேலோட்டமாகவே பேசுகிறார்கள். கத்திக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியையாவது கல்லுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வீட்டில் 400, 1000 என இரு பக்கமும் வேறுவேறு நயமுள்ள (எண் கூடினால் நயம் கூடும்) ஒரு நீர்க்கல் வைத்திருக்கிறேன். பயணத்துக்கு வைரத்தூள் பதித்த விரல் நீளத் தீட்டுப்பட்டை ஒன்றும், பழைய தோல் இடைவாரும். புறப்படுவதற்கு முந்தைய நாள் கல்லில் தீட்டி, தோட்டத்தில் இரவு சமையலுக்கு முன் தோல்வாரில் பத்துமுறை இழுத்தால் இரண்டு நாள் பயணத்துக்குக் கூர் தாராளமாக நிற்கிறது. 2020இல் வேலை மிகுதியால் மோரா கத்தியைத் தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்துவிட்டேன். வேகமாகச் சுழலும் உலர்ந்த சக்கரத்தில் நீர் காட்டாமல் பிடித்ததில், அலகின் முனைப்பகுதி நீலம் பூத்துவிட்டது. சாதாரணக் கரிஎஃகு நீலமாவதே சுமார் 300 பாகை செல்சியசை ஒட்டிய சூட்டில், துருப்பிடிக்காத எஃகுக்கு அதைவிட மிகுதியான சூடு வேண்டும். கத்திக்கு முதலில் பதம் கொடுத்த சூட்டைவிட அது மிகுதி என்பதால், அந்த இடத்தில் கடினம் இறங்கிப்போகும். அதன்பின் நீலம் பட்ட இடம் மட்டும் ஒரு வேளைச் சமையலுக்குள் மழுங்கியது. அந்தப் பகுதி முழுவதையும் கல்லில் தேய்த்து நீக்க எனக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆனது. வெட்டுக்கத்தியைச் சாணைக்காரரிடம் கொடுப்பவர்களும் பக்கத்தில் நின்று, நீரில் நனைத்து நனைத்துப் பிடிக்கச் சொல்வது நல்லது.

இனி இவற்றை எங்கே கொண்டுபோகலாம் என்பது. 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி, முதன்மை வனவுயிர்க் காப்பாளரின் அனுமதியின்றி ஆயுதத்துடன் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. அந்தச் சட்டத்தில் ஆயுதம் என்பதன் விளக்கத்தில் கத்தியும் அடங்கும். ஆகவே வனத்துறைப் பாதைகளில் மலையேற்றம் செல்லும் நாள்களில் சுருளை வீட்டிலேயே வைத்துவிடுகிறேன். அங்கே தீ மூட்டவும் கூடாது என்பதால் விறகுக் கருவிக்கு வேலையும் இல்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றம் சென்றவர்கள் உயிரிழந்ததை மறக்காதவர் எவரும் இதில் விதிவிலக்கு கேட்க மாட்டார். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் ஆயுதங்களின் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலை, வேளாண்மை முதலியவற்றுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. இருந்தும் என் வெட்டுக்கத்தியை எட்டு அங்குலத்தோடு நிறுத்தச் சொன்னேன். சாக்கில் சுற்றிக் கட்டி, பாத்திரங்களுக்கு அடியில் வைத்தே கொண்டுபோகிறேன். இரவுச் சோதனையில் இருக்கைக்குக் கீழே அரிவாள் தென்பட்டால் காவலர் நிறுத்தி விசாரிப்பது இயல்பே. அடுப்பும் அரிசியும் சேர்ந்திருக்கும் பெட்டியில் அது இருந்தால் விளக்கம் எளிதாகிறது.

புதிதாகத் தொடங்குபவர் என்னிடம் கேட்டால், சமையலறைச் சிறுகத்தியையும் தீட்டுக்கல்லையும் எடுத்துக்கொண்டு முதல் இரண்டு பயணங்களை முடித்துவிட்டு வரச் சொல்வேன். தோட்டத்துக்காரரிடமே வெட்டுக்கத்தி இருக்கும், விறகுக்கு அதைக் கேட்டு வாங்கலாம். மூன்றாவதாக வாங்க வேண்டியது ரம்பம், அதற்குப் பிறகே நிலைக்கத்தி. நான் வாங்கிய வரிசை இதற்கு நேர்மாறானது, செலவும் அதனால் இரட்டிப்பானது.

இந்தக் கோடையில் வெட்டுக்கத்தியின் பூண் மறுபடியும் தளர்ந்திருக்கிறது. அலகில் கால் அங்குலம் தேய்ந்து வாய் சற்று உள்வாங்கியிருப்பதால், தோய்ச்சல் வைத்த பகுதி இன்னும் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லக் கொல்லரிடமே கொண்டுபோக வேண்டும். டிசம்பருக்கு முன் ஒருநாள் திருப்பாச்சேத்திக்குப் பேருந்து ஏற எண்ணியிருக்கிறேன்.