200 ரூபாய் டிக்கட், வெறிச்சோடிய படிக்கட்டு

ஆகஸ்ட் விடுமுறைக்குக் கொழும்பு போனால் மகளுக்கு ஒரு உள்ளூர் உதைபந்தாட்டப் போட்டி காட்டவேண்டும் என்று லண்டனிலேயே முடிவெடுத்திருந்தேன். அவளுக்கு 12 வயது, கிழமை தவறாமல் பந்தடிக்கப் போகிறவள். அவள் வயதில் என்னை அப்பா சுகததாச அரங்குக்குக் கூட்டிப்போனார். 1995, தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதிப்போட்டியில் இலங்கை இந்தியாவை வென்ற நாள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

போட்டி எப்போது, எங்கே என்று அறியவே மூன்று நாள் போனது. கொட்டாஞ்சேனை மச்சான் நாலைந்து பேருக்குப் போன் எடுத்துவிட்டு, "சனிக்கிழமை மூன்றரைக்காம். எதுக்கும் காலமை ஒருக்காக் கேட்டுட்டுப் போவம்" என்றான். காலையில் கேட்டால் அது நாலேகாலாகியிருந்தது. குறைகளையும் எழுதுவதால் மைதானத்தின் பெயரையும் கழகத்தின் பெயரையும் விடுகிறேன்.

வாசலில் ஒரு மேசை, ஒரு ஐயா, ஒரு டிக்கட் புத்தகம். ஆளுக்கு 200 ரூபாய். முத்திரை குத்தி, அடிமட்டத்தை வைத்து நேராகக் கிழித்துத் தந்தார். மகள் அதைக் கசங்காமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். 5,000 ரூபாய்த் தாளுக்கு அவரிடம் மீதி இல்லை, மச்சான்தான் கொடுத்தான். போகிறவர்கள் சில்லறை கொண்டுபோங்கள்.

200 ரூபாய்க்கு ஒரு ரோல்ஸும் பிளேன்டீயும்தான் வரும். அப்படியிருந்தும் படிக்கட்டில் நூற்றைம்பது பேர் இருந்தால் அதிகம். அதிலும் பாதி விளையாடுகிற பெடியன்களின் சொந்தக்காரர்.

லண்டனில் கதையே வேறு. பெரிய கழகமென்றால் டிக்கட் வாங்குவதற்கு முன்பே வருடச் சந்தா கட்டி அங்கத்தவராக வேண்டும். அதன் பிறகும் டிக்கட் கிடைக்கும் என்று உறுதியில்லை. விலை கூடக்கூட வயிறு எரிகிறது. 2016 பெப்ரவரியில் 77 பவுண் டிக்கட்டை எதிர்த்து லிவர்பூல் ஆதரவாளர்கள் 77ஆவது நிமிடத்தில் எழுந்து வெளியே போனார்கள், நிர்வாகம் பின்வாங்கியது. வெளியூர் ஆதரவாளர்களுக்கான டிக்கட்டுக்கு 30 பவுண் உச்சவரம்பு வந்ததும் அதே வருடம்தான். எழுந்து போகவும் கேள்வி கேட்கவும் அவர்களுக்கு உரிமை இருந்தது, ஏனென்றால் 'எங்கள் கழகம்' என்று சொல்ல அவர்களிடம் ஒரு அட்டை இருந்தது. ஜெர்மனியில் 50+1 விதிப்படி பெரும்பான்மை வாக்கே அங்கத்தவர் கையில்.

கொழும்பில் விலையைக் குறைத்துப் பயனில்லை, குறைக்க அதில் ஒன்றுமில்லை. வந்தவன் யார், திரும்ப வருவானா என்று எவரும் கேட்காததுதான் எனக்கு வலித்தது. 2023 ஜனவரியில் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா இலங்கையை இடைநிறுத்தி, ஆகஸ்டில்தான் தடையை நீக்கியது. அந்த மாதங்களில் கைவிட்டுப்போன சனத்தை யாராவது போய் அழைக்கவேண்டாமா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்தது. திறப்பு யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இடைவேளையில் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரரிடம் கேட்டு மகளைக் கூட்டிப்போனேன். நல்ல மனிதர், காசு வாங்கவில்லை. பெண்பிள்ளையோடு வருகிற குடும்பம் அடுத்தமுறை ஏன் வரப்போகிறது? பாதி இருக்கைகளை அந்தப் பூட்டே காலியாக்கிவிடும்.

ஆட்டம் அருமை. இடது பக்கத்தால் ஓடிய ஒரு பெடியன், மெலிந்தவன், கோட்டோரமாகவே இரண்டு பேரை வெட்டிப் பந்தைக் கோல் பக்கம் அடித்தபோது மகள் எழுந்து நின்று கத்தினாள். அந்தப் பந்து கம்பத்தில் பட்டது. முடிவு 1–1.

முடிந்ததும் கழகச் செயலாளரைத் தேடிப்பிடித்து, அங்கத்துவம் எடுக்கலாமா என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லைத் தம்பி" என்றார். படிவமும் இல்லை, கட்டணமும் இல்லை. பையிலிருந்த சீ.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, இலக்கம் 1 என்று எழுதி, என் பெயரைக் கேட்டார். மகளின் பெயரை எழுதச் சொன்னேன். 2,000 ரூபாய் கொடுத்து, போட்டித் திகதிகளை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி இலக்கமும் கொடுத்தேன்.

நேற்று முதல் செய்தி வந்தது: ஞாயிறு, மூன்றரை. உடனே மச்சானுக்கு அனுப்பினேன். தன் மகளையும் கூட்டிக்கொண்டு போகிறானாம். கழிப்பறைத் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று முதலில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.